பட்டைத் திருடர்கள் வழிகாட்டிகளான கதை

 

சில மாதங்களுக்கு முன் சமூகவியல் படிக்கும் மாணவர்கள் சிலரோடு தேக்கடி போயிருந்தேன். முழங்கால்வரை துணி உறையைக் கட்டிக்கொண்டு, அட்டைக்கு மூக்குப்பொடி தடவிக்கொண்டு, காட்டுக்குள் நடந்தோம். எங்களை அழைத்துப்போனவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கம்பம் பக்கத்துத் தமிழ். யானைச் சாணத்தைக் காலால் புரட்டி "காலையில போட்டது" என்பார். மிளா கத்தினால் நின்று திசையைக் கவனிப்பார். ஓர் இடத்தில் ஒரு மரத்தின் அடிப்பகுதியைத் தடவிக்கொடுத்து, "இத உரிச்சா எத்தன கிலோ தேறும்னு பாத்ததுமே சொல்லிருவேன், தங்கச்சி" என்றார். மாணவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அது காட்டு லவங்க மரம். மலையாளத்தில் வயணா. ஒரு காலத்தில் அவர் அந்தப் பட்டையை உரித்து, தலைச்சுமையாக இரவோடு இரவாக மலையிறக்கிக்கொண்டிருந்தவர்.

'நிலைத்த சுற்றுலா', 'சூழல் சுற்றுலா' என்று கருத்தரங்குகளில் பேசுகிறவர்கள் தவறாமல் எடுத்துக்காட்டும் இடம் பெரியாறு புலிகள் காப்பகம். திருடர்களை வழிகாட்டிகளாக மாற்றிய இடம் என்று ஆவணப்படங்கள்கூட வந்துவிட்டன. அந்தக் கதை பொய் இல்லை. ஆனால் அது 1998-இல் தொடங்குவதுபோலச் சொல்லப்படுகிறது. அதற்கு முன்னால் நூறு ஆண்டுக் கதை ஒன்று இருக்கிறது. அது தெரியாமல் யார் திருடர், எப்போது திருடரானார் என்பது விளங்காது.

முதலில் அந்த ஏரி. தேக்கடிக்குப் போகிற எல்லோரும் படம் எடுக்கும் காட்சி ஒன்று உண்டு: தண்ணீருக்கு நடுவே கறுத்துப்போன மொட்டை மரங்கள், அவற்றின் மேல் சிறகை விரித்து உலர்த்தும் நீர்க்காகங்கள். அந்த மரங்கள் ஏன் அங்கே நிற்கின்றன என்று எத்தனை பேர் கேட்டிருப்போம்? அது இயற்கை ஏரி இல்லை. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசும் பிரிட்டிஷ் இந்திய அரசும் செய்துகொண்ட 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தத்தின்படி, ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் 8,000 ஏக்கருக்கு ஆண்டுக்கு 40,000 ரூபாய் வாடகை பேசி, பள்ளத்தாக்கைத் தண்ணீரில் மூழ்கடித்தார்கள். 1895-இல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டது. மொட்டை மரங்கள் அப்போது மூழ்கிய காட்டின் மிச்சம்.

பென்னிகுவிக்கின் பெயர் நமக்கு மனப்பாடம். தேனி மாவட்டத்தில் பொங்கலன்று அவர் படத்துக்கு மாலை போடுகிறார்கள். அதில் எனக்குக் குறை இல்லை. தண்ணீர் குடித்தவர்கள் நன்றி சொல்கிறார்கள். ஆனால் மலேரியாவிலும் காலராவிலும் அந்தக் காட்டில் செத்துப்போன கூலித் தொழிலாளர்களின் பெயர்ப் பட்டியலை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? அணைக்கட்டுப் பக்கத்தில் ஆங்கிலேயர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. கல் சுமந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. 'பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி' என்று இன்று பலகை வைத்திருக்கும் இடம், பெயரில்லாத கூலிகளின் உழைப்பால் உருவான இடம் என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

அடுத்தது ராஜா. 1934-இல் திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள், ஏரியைச் சுற்றியுள்ள காட்டை நெல்லிக்காம்பட்டி வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தார். எஸ்.சி.எச். ராபின்சன் என்ற ஆங்கிலேயரை அதற்கு வார்டனாக நியமித்தார். ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் எடப்பாளையம் என்ற இடத்தில் ராஜாவுக்கு ஓய்வு மாளிகை. அதே காட்டில் மன்னான், பளியர் என்ற இரண்டு பழங்குடிச் சமூகங்கள் வாழ்ந்தன. மன்னான்கள் தாங்கள் மதுரைச் சீமையிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள். அவர்களுடைய பேச்சு தமிழோடு நெருங்கியது. காட்டை எரித்துச் சிறுபயிர் விதைத்து, இடம் மாறி மாறிப் பயிரிட்டு, மீன் பிடித்து, தேன் எடுத்து வாழ்ந்த மக்கள். 1940-களில் இவர்களைக் காட்டின் உட்பகுதியிலிருந்து கிளப்பி, குமுளியை ஒட்டிய விளிம்பில் குடியேற்றினார்கள். இன்றைக்கு மன்னாக்குடி, பளியக்குடி என்று அழைக்கப்படுபவை அந்தக் குடியிருப்புகள்தான்.

மாளிகை என்னவாயிற்று? அது அங்கேயே இருக்கிறது. கேரள அரசின் சுற்றுலாக் கழகம் அதைத் தங்கும் விடுதியாக நடத்துகிறது. பணம் கட்டினால் நீங்களும் நானும் காட்டின் நடுவே ராஜா தங்கிய அறையில் படுத்துக்கொண்டு ஜன்னல் வழியே காட்டுமாடு பார்க்கலாம். காட்டுக்கு நடுவில் மனிதர் வசிப்பது விலங்குகளுக்குத் தொந்தரவு என்ற நியாயம் மன்னான் குடிசைக்குப் பொருந்தியது, மாளிகைக்குப் பொருந்தவில்லை.

இதை எழுதும்போது இன்னொரு ஆண்டு மனதில் உறுத்துகிறது. 1936 நவம்பர் 12. கோயில் நுழைவுப் பிரகடனம். அதே சித்திரைத் திருநாள்தான் அதில் கையெழுத்திட்டவர். நம் பாடப்புத்தகங்கள் அவரைக் கொண்டாடுவது அதற்காக. ஒடுக்கப்பட்ட சாதிகளுக்குக் கோயில் கதவைத் திறந்த அரசு, அதே பத்தாண்டுக்குள் காட்டுமக்களுக்குக் காட்டின் கதவைச் சாத்தத் தொடங்கியது. கோயில் திறப்பு ஊரறிய நடந்தது, காகிதத்தில் வந்தது, காந்தி பாராட்டினார். காட்டின் கதவு சத்தமில்லாமல் சாத்தப்பட்டது. முதலாவது வரலாறாயிற்று, இரண்டாவது நிர்வாகமாயிற்று.

திருவிதாங்கூர் மட்டும் செய்த தவறு இல்லை இது. உலகின் முதல் தேசியப் பூங்காவாகச் சொல்லப்படும் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் 1872-இல் அறிவிக்கப்பட்டபோது, அங்கே ஷோஷோனி பழங்குடியின் ஒரு பிரிவினர் மலை ஆடுகளை வேட்டையாடி வாழ்ந்துகொண்டிருந்தார்கள். சில ஆண்டுகளில் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். சுற்றுலாப் பயணிகள் பயப்படக்கூடாது என்பதற்காக, 'வெந்நீர் ஊற்றுகளுக்குப் பயந்து இந்தியர்கள் இந்தப் பக்கமே வருவதில்லை' என்று ஒரு கதையையும் கட்டிவிட்டார்கள். மனிதக் கால் படாத காடு என்ற கற்பனை இப்படித்தான் தயாரிக்கப்பட்டது. முதலில் மனிதரை அகற்றுவது, பிறகு அவர் இருந்ததே இல்லை என்பது, அதன் பிறகு நுழைவுச் சீட்டு விற்பது.

சுதந்திரத்துக்குப் பிறகு 1950-இல் சரணாலயம் 777 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 1978-இல் புலிகள் காப்பகமானது. இடையில் 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் படிக்கும் தோழர்கள் அதன் 28-ஆம் பிரிவை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சரணாலயத்துக்குள் நுழைய என்னென்ன காரணங்களுக்கு அனுமதிச் சீட்டு தரலாம் என்று பட்டியல் இருக்கிறது: வனவிலங்கு ஆய்வு, புகைப்படம் எடுத்தல், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, உள்ளே வசிப்பவரோடு சட்டப்படியான கொடுக்கல் வாங்கல். அவ்வளவுதான். விறகு இல்லை, தேன் இல்லை, கிழங்கு இல்லை, குலசாமி இல்லை. பார்க்க வருகிறவருக்குச் சட்டத்தில் ஒரு சொல் இருக்கிறது. பிழைக்க வருகிறவருக்கு அந்தப் பட்டியலில் சொல்லே இல்லை. சுற்றுலா என்பது பாதுகாப்புக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட பொழுதுபோக்கு என்று நாம் நினைக்கிறோம். சட்டம் எழுதியவர்கள் மனதில் அது தொடக்கத்திலேயே இடம்பிடித்திருந்தது.

பட்டைக்கு வருவோம்.

கம்பம் பள்ளத்தாக்கிலும் குமுளியைச் சுற்றியும் நிலமில்லாதவர்களுக்கு அன்றைக்கு என்ன வேலை இருந்தது? ஏலத்தோட்டக் கூலி, தேயிலைத் தோட்டக் கூலி, விறகு. இன்றைக்கும் விடியற்காலையில் கம்பம், கூடலூர்ப் பக்கத்திலிருந்து ஜீப்புகளில் மூட்டை அடுக்குவதுபோல ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப்போவதைப் பார்க்கலாம். தோட்டத்தில் வேலை இல்லாத மாதங்களில் காடு. வயணா பட்டைக்கு மசாலா வியாபாரிகளிடம் விலை இருந்தது. நாலைந்து பேராகச் சேர்ந்து அரிசி, உப்பு, மிளகாய் எடுத்துக்கொண்டு உள்ளே போனால் பல நாள் தங்கல். மரத்தைச் சாய்த்தால்தான் முழுப்பட்டையும் வரும். அப்படிச் சாய்த்தவை ஏராளம். வனக்காவலர் கண்ணில் பட்டால் அடி, வழக்கு, ஜாமீன், வக்கீலுக்குக் கடன். அந்தக் கடனை அடைக்க மறுபடியும் காடு. வியாபாரி கடையிலேயே இருப்பார். அவர் மேல் வழக்கு வராது.

எங்கள் வழிகாட்டி சொன்னது: "கேசு நடத்தத்தான் திருடினோம், தங்கச்சி. வயித்துக்குன்னா நாலு நடையோட விட்டிருப்போம்."

இவர்கள் எல்லோரும் தலித்துகள் என்று நான் சொல்ல வரவில்லை. நிலமில்லாமை பல சாதிகளிலும் இருக்கிறது. ஆனால் நிலம் ஏன் சிலரிடம் தலைமுறை தலைமுறையாக இல்லாமல் போனது என்ற கேள்வியை எடுத்துவிட்டால், மிச்சமிருப்பது 'வேட்டைக்காரன்', 'கடத்தல்காரன்' என்ற சொற்கள் மட்டும்தான். வனத்துறையின் கோப்பில் அந்தச் சொற்கள்தான் இருந்தன.

1990-களின் நடுவில் உலக வங்கியும் உலகச் சூழல் நிதியமும் பணம் கொடுக்க, இந்தியாவில் ஏழு காப்பகங்களில் 'இந்தியச் சூழல் மேம்பாட்டுத் திட்டம்' தொடங்கியது. அந்த ஏழில் பெரியாறும் ஒன்று, கர்நாடகத்தின் நாகரஹொளெயும் ஒன்று. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பெரியாறில் நடந்தது என்னவென்று புரியும்.

நாகரஹொளெயில் ஜேனு குருபர், எரவர் போன்ற பழங்குடிகளைக் காட்டிலிருந்து வெளியேற்றும் வேலை 1970-களிலிருந்து நடந்துகொண்டிருந்தது. வெளியேற்றப்பட்ட பலர் குடகின் காப்பித் தோட்டங்களில் கூலியானார்கள். அப்படி வெறுமையாக்கிய காட்டுக்குள்ளேயே, 1994-இல், தாஜ் குழுமத்தின் விடுதி நிறுவனத்துக்கு மாநில அரசு இடத்தைக் குத்தகைக்கு விட்டது. பூர்வகுடிகள் அடுப்பு மூட்டக் கூடாத இடத்தில் ஆடம்பர விடுதி. பழங்குடி அமைப்புகள் தெருவில் இறங்கின, நீதிமன்றத்துக்கும் போயின. வன, வனவிலங்குச் சட்டங்களை மீறி இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று 1997 ஜனவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம் சொன்னது, விடுதி நின்றது. 'சூழல் சுற்றுலா' என்ற சொல்லை வைத்து இந்தியாவில் நடந்த முதல் பெரிய மோதல்களில் ஒன்று அது. வென்றவர்கள் பழங்குடிகள். இதை நம் வகுப்பறைகளில் ஏன் சொல்லித்தருவதில்லை என்று தெரியவில்லை.

பெரியாறில் வேறு மாதிரி நடந்தது. அங்கே சில அதிகாரிகள் பட்டை உரிப்பவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். எங்கள் வழிகாட்டியின் வார்த்தையில், "மொதல்ல அடிச்சாங்க, அப்புறம் டீ குடுத்தாங்க. டீக்குத்தான் ரொம்ப பயந்தோம்." பேச்சின் முடிவில் 23 பேர் ஒரு குழுவானார்கள். பட்டையை விட்டுவிடுவது, காட்டுக்குள் வேறு யார் வருகிறார்கள், எந்த வழி, எந்த வியாபாரி என்ற தகவலைத் தருவது, சுற்றுலாப் பயணிகளை நடத்தி அழைத்துப்போவது என்பது அவர்கள் பக்கம். வழக்குகளைத் திரும்பப் பெறுவதும் வருமானத்துக்கு வழி செய்வதும் துறையின் பக்கம். 1998 வாக்கில் 'பெரியாறு டைகர் டிரெயில்' என்ற நடைப்பயணம் தொடங்கியது. ஒரு நேரத்தில் சில பயணிகள் மட்டும், கூடவே ஐந்தாறு வழிகாட்டிகள், துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர், காட்டுக்குள் கூடாரத்தில் ஒன்றிரண்டு இரவு. பயணிகள் நடக்கும் நடை, அதே நேரத்தில் காட்டுக்கு ரோந்தும் ஆயிற்று. படகுச் சவாரியில் நூற்றுக்கணக்கானவரை ஏற்றி இறக்கும் சுற்றுலாவோடு ஒப்பிட்டால் இதன் அளவு சிறியது, காட்டுக்குச் சுமையும் குறைவு. அந்தப் படகுச் சுற்றுலாவின் இன்னொரு முகத்தை 2009 செப்டம்பர் 30 அன்று பார்த்தோம். ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள்.

மன்னான், பளியர் இளைஞர்களுக்கும் இதேபோலத் தனிக் குழு வந்தது. மூங்கில் தெப்பத்தில் அழைத்துப்போவது, பறவை காட்டுவது, இரவு ரோந்து. இன்னொரு வேலையும் நடந்தது. அது சுற்றுலாவைவிட முக்கியம் என்று நான் நினைக்கிறேன். மன்னாக்குடியில் விளையும் மிளகை வியாபாரிகள் முன்கூட்டியே கடன் கொடுத்துக் கொடியோடு பிடித்துவைத்திருந்தார்கள். திட்டத்தின் பணத்தில் அந்தக் கடனை அடைத்துக் கொடியை மீட்டு, மக்களே சேர்ந்து விற்க ஏற்பாடு செய்தார்கள். அடகுபோன கொடியை மீட்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நம் ஊர்களில் கந்துவட்டிக்கு வீட்டுப் பத்திரம் வைத்தவர்களுக்குத் தெரியும்.

ஆகவே, கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. 23 குடும்பங்கள் போலீஸ் ஸ்டேஷன் வாசலிலிருந்து வெளியே வந்தன. பிள்ளைகள் படித்தார்கள். மரங்கள் நின்றன. 2004-இல் உலக வங்கிப் பணம் முடிந்ததும் பல இடங்களில் திட்டம் படுத்துவிட்டது. பெரியாறில் 'பெரியாறு ஃபவுண்டேஷன்' என்ற அறக்கட்டளையை அரசு தொடங்கி, பயணிகளிடம் நுழைவுக் கட்டணத்தோடு ஒரு கூடுதல் தொகையும் வாங்கி, அதைக் கொண்டு குழுக்களைத் தொடர்ந்து நடத்தியது. இந்த யோசனைதான் பிறகு 2006-இல் வனவிலங்குச் சட்டத் திருத்தத்தில் எல்லாப் புலிகள் காப்பகத்துக்கும் அறக்கட்டளை என்று நுழைந்தது.

ஆனால் சமூகவியல் படித்தவர்கள் கேட்க வேண்டிய கேள்வி, வருமானம் வந்ததா என்பதோடு நிற்பதில்லை. யார் முடிவெடுக்கிறார், முடிவை யார் மாற்றலாம் என்பதுதான் கேள்வி.

குழுவுக்குத் தலைவர் மக்களில் ஒருவர். செயலாளர் வனத்துறை ஊழியர். கையெழுத்து இருவருடையது. பேனா யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அறக்கட்டளையின் ஆளும் குழுவுக்கு வனத்துறை அமைச்சர் தலைவர். எத்தனை பயணிகள், என்ன கட்டணம், எந்தப் பாதை என்பதெல்லாம் மேலே தீர்மானமாகிக் கீழே வருகிறது. நல்ல அதிகாரி இருந்தால் நன்றாக நடக்கும். அவர் மாறுதலில் போனால்? "அடுத்தவர் எப்படின்னு பாத்துக்கிட்டுத்தான் இருக்கணும்" என்றார் வழிகாட்டி. அரசு ஊழியர் அல்ல, தோட்டத் தொழிலாளியும் அல்ல, ஓய்வூதியம் என்ற பேச்சு இல்லை. முழங்கால் தேய்ந்த பிறகு என்ன?

பெண்களைப் பாருங்கள். 2002-இல் 'வசந்த சேனை' என்று ஒரு பெண்கள் குழு தொடங்கியது. சந்தன மரங்கள் இருக்கும் காட்டுப் பகுதியில் பெண்கள் முறைவைத்துத் தினமும் ரோந்து போகிறார்கள். ஊதியம் இல்லை, தன்னார்வம். இதற்காக விருதுகளும் பாராட்டும் நிறையக் கிடைத்தன. ஆண்கள் காட்டில் நடந்தால் வேலை, பெண்கள் நடந்தால் சேவை. அந்தப் பெண்களின் துணிவைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர்களில் பலருக்குக் காட்டில் நடப்பது வீட்டிலிருந்து கிடைக்கும் விடுதலையாகவும் இருந்திருக்கும். ஆனால் நாம் 'வெட்டி' உழைப்பை எதிர்த்து வந்த மரபினர். சம்பளமில்லாத வேலையை யாராவது புகழ்ந்தால் நம் காது கொஞ்சம் கூர்மையாக வேண்டும்.

இன்னொன்று, அந்தப் பெயர். அவர்களுடைய குழுவின் அதிகாரப்பூர்வப் பெயரே 'முன்னாள் வயணா பட்டை சேகரிப்போர்' சூழல் மேம்பாட்டுக் குழு. இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாகியும் 'முன்னாள்' போகவில்லை. சுற்றுலாவுக்கு அது நல்ல விளம்பரம். முன்னாள் திருடரோடு காட்டில் ஓர் இரவு! 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்து, 1952-இல் அதை நாடு முழுக்க ஒழித்த பிறகும், அந்தச் சமூகங்களைப் போலீஸ் 'முன்னாள் குற்றப் பரம்பரை' என்றே எழுதிக்கொண்டிருந்தது நினைவுக்கு வருகிறது. பட்டை வாங்கிய வியாபாரிக்கு 'முன்னாள்' என்று எந்தப் பட்டமும் இல்லை.

இப்போது உரிமைக்கு வருகிறேன். பெரியாறில் கிடைத்தது அரசாணையால் கிடைத்த சலுகை. 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்து, 2008-இலிருந்து நடைமுறைக்கு வந்தபோது வேறொரு கதவு திறந்தது. காட்டில் வாழ்கிறவருக்கு நிலத்தின் மேலும், வெட்டுமரம் தவிர்த்த சிறுவனப் பொருள்களின் மேலும், சமூகமாகக் காட்டைப் பராமரிப்பதன் மேலும் உரிமை உண்டு என்று சட்டமே சொன்னது. கிராமசபை சம்மதம் இல்லாமல் காப்பகத்திலிருந்து கிளப்ப முடியாது என்றது. குழு உறுப்பினர் அதிகாரியிடம் கேட்க வேண்டும். உரிமையாளர் அதிகாரியைக் கேள்வி கேட்கலாம்.

மகத் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பொதுக்குளங்கள் எல்லோருக்கும் பொது என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923-இலேயே தீர்மானம் போட்டுவிட்டது. 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் கையில் தண்ணீரை அள்ளிய பிறகுதான் அந்தத் தீர்மானத்துக்கு உயிர் வந்தது. தமிழ்நாட்டில் வன உரிமைச் சட்டமும் நீதிமன்றத் தடையில் சிக்கி 2016 வரை பட்டா கொடுக்காமலே கிடந்தது.

ஆனால் இந்தச் சட்டத்தில் நமக்கென்று ஒரு பொறி இருக்கிறது. இளைய தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பட்டியல் பழங்குடியாக இருந்தால் 2005 டிசம்பர் 13-க்கு முன் காட்டில் வசித்திருந்தால் போதும். பழங்குடி அல்லாதவர் 'பிற மரபுவழி வனவாசி' என்ற வகையில் வருவார். அவர் அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டில் வசித்துக் காட்டைச் சார்ந்து வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். 2005-இலிருந்து 75 கழித்தால் 1930. காட்டுப் பகுதிகளில் வாழும் தலித்துகள் இந்த வகையில்தான் வருகிறார்கள். 1930-இல் நம் பாட்டன் எந்தக் காட்டில் இருந்தான் என்பதற்கு யாரிடம் காகிதம் இருக்கிறது? அவனைக் காகிதத்தில் எழுதும் அளவுக்கு யார் மதித்தார்கள்?

பெரியாறு காப்பகத்தின் ஓரத்தில் வண்டிப்பெரியாறு, பீர்மேடு தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே தலைமுறைகளாகக் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பங்கு தமிழ் தலித்துகள். 1990-களின் இறுதியில் தேயிலை விலை சரிந்து தோட்டங்கள் மூடிக்கிடந்தபோது அந்த லயங்களில் நடந்ததை மானிடவியலாளர் ஜெயசீலன் ராஜ் தன் 'பிளான்டேஷன் கிரைசிஸ்' நூலில் ஆய்வு செய்திருக்கிறார். தேடிப் படியுங்கள். காலத்தைக் கவனியுங்கள்: தேக்கடியில் சூழல் சுற்றுலா பிறந்ததும், பக்கத்து மலையில் தலித் தொழிலாளர் பட்டினியில் விழுந்ததும் ஏறக்குறைய ஒரே ஆண்டுகள். சுற்றுலா விளம்பரத்தில் தேயிலைத் தோட்டம் பச்சைக் கம்பளமாக வரும். லயம் வராது.

நம் பக்கம், திருநெல்வேலி மலைக்கு வாருங்கள். களக்காடு முண்டந்துறை, 1988-இல் அறிவிக்கப்பட்ட தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அதற்குள் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,373 ஏக்கருக்கு மேல் 99 ஆண்டுக் குத்தகைக்கு வாங்கியது பி.பி.டி.சி. கம்பெனி. காட்டை அழித்துத் தேயிலை வைக்கக் கீழேயிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். அவர்களுடைய கூலி உயர்வுப் போராட்டம்தான் 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணிக் கரையில் 17 உயிர்களைக் காவு கொடுத்தது. அதை இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியிருக்கிறேன். 2024 ஜூனில் கம்பெனி தொழிலாளர் கையில் விருப்ப ஓய்வுத் தாளை நீட்டியது. குத்தகை முடிய 2028 வரை காலம் இருந்தும் தோட்டம் நின்றது. தோட்டத்தை அரசே ஏற்று நடத்த வேண்டும், எங்களை இறக்கக் கூடாது என்று போன வழக்குகளைச் சென்னை உயர் நீதிமன்றம் அந்த டிசம்பரில் தள்ளுபடி செய்தது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். குத்தகை 1929. வன உரிமைச் சட்டத்தின் கோடு 1930. முதல் வருடமே மலையேறி, அதற்கு அத்தாட்சியும் வைத்திருந்தால்தான் ஒருவர் அந்தக் கோட்டைத் தொட முடியும். தொட்டாலும், நீ காட்டைச் சார்ந்தவனில்லை, கம்பெனியைச் சார்ந்தவன் என்பார்கள். நாலு தலைமுறை அந்த மலையில் பிறந்து, அந்த மண்ணில் புதைந்தும் வனவாசி இல்லை. கீழே இறங்கினால் ஊரில் நிலமும் இல்லை.

தேயிலையை விட்டுவிட்டுக் காட்டை மீட்க வேண்டும் என்ற வாதத்தை நான் எதிர்க்கவில்லை. மேற்குமலைக் காடு மீள்வது தாமிரபரணிக்கு நல்லது, அந்தத் தண்ணீரைக் குடிக்கிற நமக்கும் நல்லது. ஆனால் காட்டை மீட்கும் வேலையைச் செய்ய, அந்தச் சரிவுகளின் ஒவ்வொரு ஓடையையும் அறிந்தவர்கள் அங்கேயே இருந்தார்களே. பட்டை உரித்து வழக்கு வாங்கிய 23 பேருக்குப் பெரியாறில் ஒரு நாற்காலி போட்டுப் பேச முடிந்தது. கொழுந்து பறித்துத் தோல் தேய்ந்தவர்களுக்கு மாஞ்சோலையில் ஏன் ஒரு நாற்காலி இல்லை? மணிமுத்தாறு சோதனைச் சாவடியில் சுற்றுலாப் பயணி கட்டணம் கட்டி, அனுமதி வாங்கி மேலே போய்வந்த காலத்தில், அந்தப் பணத்தில் ஊத்து லயத்துக்கு எவ்வளவு என்று யாராவது கேட்டோமா? நானே கேட்டதில்லை. கல்லூரிக் காலத்தில் நானும் அந்தச் சாவடியைக் கடந்து போய் மேகத்தைப் பார்த்துவிட்டு வந்தவள்தான்.

2012-இல் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிகளில் உச்ச நீதிமன்றம் ஜூலை முதல் அக்டோபர் வரை சுற்றுலாவுக்குத் தடை போட்டது. பிறகு, மையப் பகுதியில் 20 சதவீதத்துக்கு மேல் சுற்றுலாவுக்குக் கூடாது, புதிய கட்டடம் கூடாது, உள்ளூர் மக்களுக்குப் பலன் சேர வேண்டும் என்ற நெறிமுறைகளோடு தடை விலகியது. 'உள்ளூர் மக்கள்' என்ற அந்தச் சொல்லுக்குள் யார் யார் என்று எந்த வரைபடமும் இல்லை. நடைமுறையில் ஜீப் வைத்திருப்பவர், விடுதி கட்ட நிலம் வைத்திருப்பவர், ஹோட்டல் வைக்க முதல் வைத்திருப்பவர் உள்ளூர். அந்த விடுதியில் படுக்கை விரிப்பு துவைப்பவரும் கழிவறை கழுவுபவரும் குப்பை அள்ளுபவரும் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று பாருங்கள். களஆய்வுக்குத் தலைப்பு தேடும் மாணவர்களுக்கு இது நல்ல தலைப்பு. குமுளியிலோ, மசினகுடியிலோ, டாப்சிலிப் அடிவாரத்திலோ ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, விடுதி உரிமையாளரின் சாதி, மேலாளரின் சாதி, துப்புரவுப் பணியாளரின் சாதி என்று மூன்று கட்டங்கள் போட்டு நிரப்பிப் பாருங்கள். நான் நிரப்பத் தொடங்கியிருக்கிறேன்.

திரும்பி வரும்போது வழிகாட்டியிடம் மாணவர் ஒருவர், "அண்ணே, உங்க பையனும் இந்த வேலைக்கு வருவாரா?" என்று கேட்டார். அவர் கால் உறையை அவிழ்த்து அட்டைகளை உதறிக்கொண்டே சொன்னார்: "பேரு எங்களோடதுதான் இருக்கு தம்பி, லிஸ்ட்ல. அவன் பேர சேக்கணும்னா ஆபீஸ்ல கேக்கணும்."